நாஞ்சில் நாட்டு ஊர்ப்பெயர்களில் ரீட்-ஒன்லி நிலை: ஒரு பிழையாய்வு

லினக்ஸ் சர்வரில் எழுதப் போகும்போது ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று மறித்து நிற்கும் 30ஆம் எண் பிழையை வெறும் கோளாறாகக் கொண்டு, காரணம் கேளாமல் ரீமவுண்ட் கட்டளை அடிப்போர் பலர். பெரும்பாலும் அது கெர்னல் அறிந்தே செய்த காரியம். வட்டில் ஏதோ முரண் கண்டு, இனியும் எழுதவிட்டால் இருப்பதும் பாழாகும் என்று கதவைச் சாத்துகிறது. இப்படிச் சாத்தும் வழக்கத்தில் குமரி மாவட்டம் லினக்ஸுக்குச் சுமார் 1000 ஆண்டு மூத்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்றுகள் கல்லிலேயே உள்ளன. முதலாம் ராஜராஜனின் திருநந்திக்கரைக் கல்வெட்டு முட்டத்துக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் சூட்டுகிறது. சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. கோட்டாறு மும்முடிச்சோழபுரம் ஆயிற்று. இன்று நாகர்கோவிலில் பஸ் ஏறி, மும்முடிச்சோழநல்லூருக்கு ஒரு டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டரின் பார்வையே பிழைச்செய்தி. பிழையின் வகையையும் விலக்கல் முறையில் நிறுவிவிடலாம். அனுமதி மறுப்பு என்பதற்கில்லை. ராஜராஜனுக்கு மேலே ரூட் யார்? இடம் போதவில்லை என்பதற்குமில்லை. சதுர்வேதிமங்கலம் வரை நீட்டி வெட்டக் கல்லில் இடம் இருந்திருக்கிறது. ரூட்டாலும் எழுத முடியாமல், இடமிருந்தும் எழுத முடியாமல் போவது ரீட்-ஒன்லியில்தான்.

‘எழுதப்பட்டதே, கல்வெட்டு இருக்கிறதே’ என்பார் கல்வெட்டறிஞர். கல்வெட்டு வெறும் ஜர்னல். எழுதப்போவதை முதலில் குறித்துக்கொள்ளும் ஏடு அது. அங்கே பதிந்தது வட்டில் இறங்கினால்தான் வேலை முடியும். இங்கே வட்டு ஊராரின் நாக்கு. அதில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி கோட்டியாரா என்று குறித்த கோட்டாறு இன்னும் கோட்டாறாகவே இருக்கிறது. சோழரின் ஜர்னல் பத்திரமாக உள்ளது, பாவம், ஒரு வரிகூட இறங்கவில்லை.

கனமான ஆட்சேபம் பத்மநாபபுரம். கல்குளத்து அரண்மனைக்கு 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா இட்ட பெயர் நிலைத்துவிட்டதே? நிலைத்தது உண்மை. ஆனால் தாலுகா இன்றும் கல்குளம். அடியில் உள்ளதைத் தொடாமல் மேலே எழுதத்தக்க ஓர் அடுக்கை விரித்திருக்கிறார் மன்னர். இதே உத்தி ஓவர்லே என்ற பெயரில் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2014இல், 3.18ஆம் பதிப்பில். திருவிதாங்கூருக்கு அதில் உரிய மதிப்பு தரப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததை மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவோருக்குப் பதில் சுருக்கமானது: வட்டைக் கழற்றி வேறு இடத்தில் மவுண்ட் செய்தார்கள், உள்ளே தோவாளை தோவாளையாகத்தான் இருந்தது.

அப்படியானால் சோழர் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் கெர்னலின் செய்திப் பதிவான டிமெஸ்ஜி பார்த்து, கெர்னல் எதைக் கண்டு மிரண்டது என்று படித்திருக்க வேண்டும். வட்டோ கேபிளோ பழுதென்றால் தரவை வேறிடத்துக்கு நகலெடுப்பது முதல் வேலை. கோப்பமைப்பில் மட்டும் குழப்பமென்றால் அதைச் சரிபார்த்துச் செப்பனிடும் எஃப்எஸ்சிகே. அதையும் மவுண்ட் செய்த நிலையில் ஓட்டலாகாது; ஓட்டினால் உள்ளதும் சிதையும். ஆக, கோட்டாற்றை முறைப்படி மும்முடிச்சோழபுரமாக்க, அங்குள்ள சனம் மொத்தத்தையும் முதலில் ஊரைவிட்டு இறக்கியிருக்க வேண்டும். கோட்டாற்றில் நிலைப்படை நிறுத்திய சோழன் குலோத்துங்கனுக்கும் அது ஆகிற காரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.