ஷட்டரில் வந்த கூட்டம்

பெறுநர்:
உயர்திரு நிர்வாக இயக்குநர் அவர்கள்,
சீர்மிகு நகரத் திட்ட நிறுவனம்.

(ஊர்ப் பெயரை எழுதவில்லை. தமிழ்நாட்டில் ஸ்மார்ட் சிட்டி ஆன 11 ஊர்களில் எந்த ஊர்க்காரர் படித்தாலும் நம்ம ஊர்தான் என்று நினைத்துக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?)

பொருள்: கடைவீதிக்கு உயிர் கொடுத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, போணிகூட ஆகாத நேரத்தில், தங்கள் நிறுவனத்திலிருந்து கேமராவும் குடையுமாக நாலைந்து பேர் என் பாத்திரக் கடைக்கு வந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கிய தம்பி ஒருவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, ஒரு மணி நேரம் ஷட்டரை இறக்கி விடுறீங்களா? மறுமலர்ச்சி பெற்ற கடைவீதின்னு வீடியோ எடுக்கறோம். கடை திறந்திருந்தா பெயின்டிங் தெரிய மாட்டேங்குது."

இறக்கினேன். என் அப்பா காலத்திலிருந்து போணிக்கு முன்னால் இறங்கியறியாத ஷட்டர் அது. கடையடைப்பு நாளில்கூட முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்து, கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இறக்கிவிட்டு எதிர்ப் பக்கம் வெயிலில் போய் நின்றேன். தம்பி மறுபடியும் வந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, ஃபிரேம்ல விழுறீங்க."

ஆக, கடைவீதி உயிர் பெற்ற வீடியோவில் கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை. இப்படியொரு யோசனை சாதாரண மூளைக்கு எட்டாது. பெரிய படிப்புப் படித்தவர்களால்தான் முடியும்.

அந்த ஷட்டர் ஓவியத்தைப் பற்றி நான் குறை சொல்லவே மாட்டேன். வரைந்த பிள்ளைகள் கைகாரர்கள். ஒரு மாட்டு வண்டி, தலைப்பாகை கட்டிய பெரியவர், ஐஸ் சாப்பிடும் சிறுவன், கூடையோடு பூக்காரி, நடுவில் பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்க்கும் பச்சைச் சேலை அம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் முண்டியடிக்கிறார்கள். என் கடை வாசலில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து வெகு காலம் ஆகிறது. கடையைத் திறந்தால் கூட்டம் சுருட்டிக்கொண்டு மேலே போய்விடுகிறது. மூடினால் வந்துவிடுகிறது. பச்சைச் சேலை அம்மாளைப் போன்ற வாடிக்கையாளர் கிடைப்பது அரிது ஐயா. பேரம் பேசுவதில்லை. "எடை போட்டுக் காட்டுங்க" என்பதில்லை. ஆன்லைனில் இதைவிடக் குறைச்சலாகப் போட்டிருக்கிறான் என்று போனை நீட்டுவதில்லை. முக்கியமாக, அவளுக்கு பஸ் வேண்டாம்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டேன், மன்னிக்கவும். பழைய பேருந்து நிலையம் எங்கள் கடைவீதியின் வாசல்படியில் இருந்தது. அதை வணிக வளாகத்தோடு கட்டித் தருகிறோம் என்று இடித்தீர்கள். அதுவரைக்கும் தற்காலிகம் என்று சொல்லி வண்டிகளைப் புறவழிச்சாலையில் இருக்கும் புதுப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பினீர்கள். எங்களுக்கு மட்டுமா இந்தப் பாக்கியம்? திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் 2018ல் மூடி 2024ல்தான் திறந்தது. அத்தனை காலம் பஸ் வராத இடத்துக்கு ஆள் மட்டும் வந்துகொண்டே இருப்பாரா? நடுவில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டது. எங்கள் ஊரில் கட்டி முடித்து ரிப்பன் வெட்டியபோது, பழக்கம் புறவழிச்சாலைப் பக்கம் போய்விட்டது. வளாகத்தின் மாடிக் கடைகளை ஏலம் எடுக்க ஆளில்லை. டெபாசிட் தொகையைக் கேட்டவர்கள் தலைசுற்றி உட்கார, நீங்கள் போட்ட கிரானைட் பெஞ்சு உதவியாக இருந்தது.

சீர் பாத்திரம் வாங்க வருகிறவர்களைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், கிராமத்திலிருந்து அம்மா, பெண், அத்தை என்று மூன்று பேராவது வருவார்கள். ஒரு கோணிப் பையில் பாட்டி காலத்துப் பித்தளை இருக்கும். அதை எடைக்குப் போட்டு, புதுச் சாமான் எடுத்து, பேர் வெட்டக் கொடுப்பார்கள். பெண்ணின் பெயர், இனிஷியல், முகூர்த்தத் தேதி. பேர் வெட்டும் மிஷின் புள்ளி புள்ளியாகத்தான் போகும். குடத்தின் வளைவில் கை தவறினால் சாமானே போச்சு. இருபது முப்பது உருப்படிக்கு வெட்டி முடிக்க நேரமாகும். அந்த நேரத்தில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? வளையல் கடைக்குப் போவார்கள். அங்கே அளவு பார்க்கிற நேரத்தில் அத்தை எதிர்க்கடையில் மஞ்சள், குங்குமம், நாட்டு மருந்து வாங்குவாள். பசித்தால் முக்கு ஓட்டலில் டிபன். என் கடையில் ஆகும் தாமதத்தில் நாலு கடைக்கு வியாபாரம் நடந்தது. சாயங்காலம் அண்டாவைக் கூரை மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுக்க கண்டக்டருக்கே தெரியும்.

இன்று அதே அம்மாள் புறவழிச்சாலையில் இறங்குகிறாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. நல்ல திட்டம், நானே கைதட்டினேன். ஆனால் கடைவீதிக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸைத்தான், அலங்கார விளக்குக் கம்பத்தில் உரசுகிறது என்று சுற்றுவழியில் திருப்பி விட்டீர்களே. ஆகவே அவள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, கோணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இங்கே வர வேண்டும். திரும்பிப் போகும்போது அண்டாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஏசி போட்ட பாத்திர ஷோரூம் இருக்கிறது, அதில் நுழைந்துவிட வேண்டும். அவள் புத்திசாலி. நுழைந்துவிடுகிறாள். பச்சைச் சேலை அம்மாள் மட்டும் என் மேல் விசுவாசமாக இருக்கிறாள்.

தங்கள் சாதனைகளை நான் மறுக்கவில்லை. 2015 ஜூன் 25 அன்று 100 நகரங்களுக்கென்று தொடங்கிய திட்டம். ஐந்து வருடத்தில் முடிப்போம் என்றார்கள்; தவணை தள்ளித் தள்ளி 2025 மார்ச் 31ல்தான் கணக்கை மூடினார்கள். ஊருக்கு 500 கோடி மத்திய அரசு, அதற்கு ஈடாக மாநில அரசு. மாநகராட்சியின் வேகம் போதாதென்று கம்பெனிச் சட்டப்படி தனி நிறுவனமே ஆரம்பித்தார்கள். அதன் பலனை அன்றாடம் அனுபவிக்கிறோம். சாக்கடை மூடி உடைந்தது என்று கவுன்சிலரிடம் போனால் "அது ஸ்மார்ட் சிட்டி வேலைங்க" என்கிறார். தங்களிடம் வந்தால் "அது மாநகராட்சி வேலை" என்கிறார்கள். பழைய நகரப் பகுதியை 500 ஏக்கருக்கு மேல் எடுத்துச் சீரமைக்கலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறதாம். அதில் என் பங்குக்கு ஒரு ஷட்டர் கிடைத்தது.

முதலில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினீர்கள். மூடினீர்கள். கேபிளுக்குத் தோண்டினீர்கள். மூடினீர்கள். கல் பதிக்க மறுபடி தோண்டினீர்கள். இரண்டு தீபாவளியும் ஓர் ஆடியும் அந்தப் பள்ளத்தில் போயின. 2022ல் சொத்து வரியை உயர்த்தியபோது மட்டும் நோட்டீஸ் பள்ளத்தைத் தாண்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது.

சென்னைப் பாண்டி பஜாரைப் பாருங்கள் என்று தங்கள் பொறியாளர் ஒருமுறை சொன்னார். பார்த்தேன் ஐயா. 2019ல் நடைபாதையை அகலமாக்கினார்கள், உண்மையிலேயே ஜனம் நடக்கிறது. பக்கத்திலேயே தி.நகர் பேருந்து நிலையம், மாம்பலம் ரயில் நிலையம். இரண்டையும் இணைத்து 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை வேறு 2023ல் திறந்துவிட்டார்கள். அங்கே ஜனம் வந்து இறங்க வழி இருந்தது, அதனால் உட்கார பெஞ்சு போட்டார்கள். இங்கே பெஞ்சு போட்டுவிட்டு, பஸ் நிழற்குடை இருந்த இடத்தில் 'ஐ லவ்' என்று ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நட்டிருக்கிறீர்கள். உள்ளூர்ப் பையன்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். குடம் வாங்குவதில்லை.

இனி கழிப்பறை. நன்றிக் கடிதத்தில் இந்தப் பேச்சு வரக்கூடாதுதான். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஸ்டூல் போட்டிருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் அதில் உட்கார்ந்துகொண்டு, காலை முதல் ராத்திரி கடை சாத்தும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஏன் தெரியுமா? தாங்கள் திறந்துவைத்த நவீனக் கழிப்பறைக்குப் பூட்டு. காசு போட்டால் தானாகத் திறக்கும் கதவு, ரிப்பன் வெட்டிய வாரத்திலேயே திறக்காமல் போனது. சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் என்று தங்கள் அலுவலகத்தில் கேட்டால் கோப்பில் பார்க்கணும் என்கிறார்கள். ஒரு சாவியைக் கோப்பில் தேடுகிறவர்களுக்கு ஆயிரம் கோடி எதற்கு? ஓவியம் வரைந்த காசில் ஓர் ஆயாவுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்திருக்கலாம்?

மன்னிக்கவும். வெயில் நேரம். பச்சைச் சேலை அம்மாளுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அவளை மனத்தில் வைத்துத்தான் தாங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஓவியத்துச் சிறுவனின் ஐஸ் உருகுவதில்லை, மாட்டு வண்டிக்கு பார்க்கிங் கட்டணம் இல்லை, பெரியவருக்கு நீர்க்கடுப்பு இல்லை.

ஆனால் அந்தப் பூக்காரி விஷயத்தில் ஒரு சங்கடம். என் ஷட்டரின் ஓரத்தில், ஓவியப் பூக்காரிக்கு நேர் கீழே, நிஜப் பூக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியாரும் அதே இடத்தில்தான் பூக் கட்டினாள். மாநகராட்சி கொடுத்த அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். சாலையோர வியாபாரிகளுக்கு 2014லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ஊருக்கு ஒரு விற்பனைக் குழு, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அந்தக் குழுவைக் கேட்காமல் இடம் மாற்றக் கூடாது என்றெல்லாம் அதில் ஏகப்பட்ட நல்ல வார்த்தைகள். செவ்வாய்க்கிழமை அவளைக் கூடையோடு எழுப்பி, பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் 'விற்பனை மண்டலம்' என்று பலகை வைத்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள். வரைந்த பூக்காரியை அவள் மறைக்கிறாளாம்.

இதில் எனக்குப் பகடி வரவில்லை ஐயா. வெட்கமாக இருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன்.

சரி. வீடியோ ஏதோ விருதுக்குப் போகிறது என்று தம்பி சொன்னார். கட்டாயம் கிடைக்கும். மேடைக்குப் போகும்போது பச்சைச் சேலை அம்மாளையும் அழைத்துப் போங்கள். ஷட்டரைக் கழற்றித் தருகிறேன். ராத்திரி பாதுகாப்புக்கு நானே வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

கேட்பது அதிகமில்லை. டவுன் பஸ்ஸைக் கடைவீதிக்குள் திருப்பி விடுங்கள். விளக்குக் கம்பம் உரசினால் கம்பத்தை நகர்த்துங்கள். கழிப்பறைச் சாவியை என்னிடமே கொடுத்தாலும் சரி, கல்லாவில் மாட்டி வைக்கிறேன். ஆளைப் போட்டுக் கழுவும் செலவை எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். பூக்காரியை அவள் இடத்தில் உட்கார விடுங்கள். மேலே இன்னொன்றும் கட்ட வேண்டாம். தயவுசெய்து கட்ட வேண்டாம்.

இந்த மனுவை நேரில் கொடுத்து ரசீது வாங்கத்தான் நேற்று மணிக்கூண்டுக்கு எதிரே உள்ள தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பூட்டியிருந்தது. அலுவலகமே புறவழிச்சாலைக்கு மாறிவிட்டதென்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். கடைவீதியில் அதிகாரிகளின் கார் நிறுத்த இடமில்லையாம், வந்துபோகவும் சிரமமாம். புது முகவரியை அவரிடமே எழுதி வாங்கி இதைத் தபாலில் சேர்க்கிறேன்: புதுப் பேருந்து நிலையம் பின்புறம், பாத்திர ஷோரூம் மாடி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஃபிரேமில் விழுந்தவன்,
பெரிய கடைவீதி.