பீச்சாங்கைப் பக்கம் கடல்: ஒரு மின்சார ரயில் ஆய்வு

கடற்கரையும் விலங்கும் ஒருங்கே அமைந்த தேசியப் பூங்காவைக் காண, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை நோக்கி மக்கள் மூட்டை கட்டுகின்றனர். தேவையில்லை. அத்தகைய பூங்கா ஓர் இடமன்று, ஒரு ரயில். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறினால் போதும் என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விலங்கு. கிர் காட்டில் சிங்கம் தென்படும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. எங்கள் ஊரில் நடை திறந்திருந்தால் தென்படும். குகைக்குள் அமர்ந்த நரசிம்மரின் மூன்றாம் கண்ணைக்கூட அர்ச்சகர் தீபம் பிடித்துக் காட்டுவார். பிற விலங்குகளோ நம் ரயில் பாதையை விட்டு அகன்றதே இல்லை. சென்னை மிருகக்காட்சிசாலை 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பிறந்து, பார்க் ஸ்டேஷன் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்து, 1985இல் வண்டலூர் வந்து சேர்ந்தது. மூன்றும் ஒரே மார்க்கம். அவை சீசன் டிக்கெட் வைத்திருந்தனவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு (காண்க: ஜன்னலோரக் கல்வெட்டு, சாவியால் கீறியது, வரி 2).

பூங்கா: கிண்டி. 1978 முதல் சட்டப்படியே தேசியப் பூங்கா, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். வெளிமான் உண்டு, ரயிலிலிருந்து தெரியாது.

பறவை: காகம்.

இனிக் கடற்கரை. வண்டியின் நெற்றியில் 'சென்னை பீச்' என்றிருக்கிறது. இறங்கினால் எதிரே ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுகம். மணலைக் காணோம். துறைமுகம் கட்டியபின் மணல் தெற்கே ஒதுங்கி மெரினாவை அகலமாக்கியது என்று பொறியாளர் சொல்வர். இது மேலோட்டமான விளக்கம். வேர்ச்சொல் காணாதவன் வேறென்ன காண்பான்?

'பீச்' ஆங்கிலமன்று. பீச்சு என்னும் வினையின் முதனிலை. நீரைப் பீச்சுவது பீச்சாங்குழல்; நீரைக் கரைமேல் பீச்சுவது கடல்; ஆகவே கரை பீச்சு, பின்னர் உகரம் கெட்டுப் பீச். இதை மறுப்போர் பீச்சாங்கையை என்ன செய்வர்? பீச் நிலையத்தில் ஏறி, வண்டி போகும் திசையில் முகம் வைத்து, சிங்கப்பெருமாள் கோவில் வருக. கடல் எப்பக்கம்? இடப்பக்கம்! கடல் இருக்கும் கை பீச்சாங்கை. ஊரிலிருந்து பீச்சுக்குப் போகையில் அது சோற்றாங்கைப் பக்கம் வந்துவிடுகிறதே எனச் சிலர் இடக்காகக் கேட்பர். சொல் பிறந்தது திரும்பி வரும்போது (வேர்க்கடலைப் பொட்டலச் சுவடி, தாம்பரம் படி, எண்ணெய்க் கறைக்குக் கீழுள்ள பகுதி, உள்பக்க ஏடு ஒரு முனைவர் பட்ட ஆய்வின் நன்றியுரை, கைடுக்கு மட்டும் இரண்டு பத்தி, கடலை நன்கு வறுபட்டிருந்தது).

இவ்வளவையும் நேரில் சரிபார்க்கக் களப்பணியும் மேற்கொள்ளப்பட்டது. வழியில் கிடைத்த வாய்மொழித் தரவு வருமாறு:

"பீச் போவுமாண்ணே?"

"தாம்பரத்தோட சரி. எறங்கு."

ஆய்வாளர் இறங்கினார், ஒரு டீ குடித்தார், ஊர் திரும்பினார். கடலை அவர் காணவில்லை. இத்துறையில் அது ஒரு குறையாகக் கருதப்படுவதில்லை.