உறையாத தயிருக்கு முற்பணம்

வாகா மனே, இரி. மூஞ்சி ஏன் உப்பிக் கிடக்கு? காசு குடுத்து வாங்கின விளையாட்டில ஆள் சுவருக்குள்ளால போறானாமே! அநியாயந்தான். புலிபாய்ந்தகல் ரோட்டு மாரிக்கு மாரி தண்ணிக்குள்ள போகுது, அதுக்கு நீ ஒரு நாளும் இப்பிடிக் கொதிச்சத நான் காணல்ல.

சிரிக்காத. உன்ட கோபத்தில ஞாயம் இரிக்கு. 2020 மார்கழியில போலந்துக்காரன் ‘சைபர்பங்க் 2077’ எண்டு ஒண்டு விட்டானே, அது வெளிய வர முந்தியே 80 இலட்சம் பேர் வாங்கிப்போட்டாங்க. விமர்சனம் எழுதுறவங்களுக்கு முன்கூட்டிக் குடுத்தது கம்ப்யூட்டரில ஓடுறத மட்டும். பழைய பிளேஸ்டேஷனில அது படுற பாட்ட ஒளிச்சுப்போட்டான். மறுகா சனம் கத்தின கத்தில, ஒரு கிழமையில சோனி தன்ட கடையில இருந்தே அதத் தூக்கிப்போட்டுக் காசத் திருப்பிக் குடுத்தான். திரும்பக் கடையில வெச்சது 2021 ஆனியில. உறையாத பாலச் சட்டியில ஊத்தி, ‘கொண்டுபோங்க, வழியில உறையும்’ எண்டு கிரானில ஒருத்தன் வித்துப் பாக்கட்டும், சட்டி அவன்ட தலையிலதான் உடையும். கத்தினது சரிதான்.

ஆனா கண்டு போடாத மாட்டுத் தயிருக்கு முற்பணம் கட்டச் சொல்லி ஆரு கழுத்தப் புடிச்ச? அதுவும் போகட்டும். சைபர்பங்க் இன்னும் 3 கிழமை பிந்தும் எண்டு அந்த ஐப்பசியில சொன்னதுக்கு, செஞ்ச பொடியனுகளுக்குக் கொலை மிரட்டல் அனுப்பின வீரனுகளும் இருந்தாங்க. பிந்தினாலும் கொல்லுவன், பிந்தாம உடைஞ்சு வந்தாலும் கொல்லுவன் எண்டா, பொடியன் என்னத்தச் செய்யிற? இப்ப விடு எண்டு நாள் குறிச்ச முதலாளிய ஏசு மனே, ராப்பகலாக் குந்தியிருந்து எழுதினவன விடு.

இந்தியாவிலயும் இப்பிடி ‘ஃபௌஜி’ எண்டு ஒண்டு. பப்ஜி எண்ட துவக்குச் சண்டை விளையாட்ட அங்க தடைசெஞ்ச சூட்டோட அறிவிச்சு, 2021 தை 26இல பெங்களூர்க் கம்பனி விட்டுது. சண்டைக்குப் போனா துவக்கில்ல, கிட்ட நிண்டு அடிபடுறது மட்டுந்தான். சனம் ஒத்தை நட்சத்திரத்த அள்ளி வீசிச்சு. மாசக்கணக்காக் காக்க வெச்சதுக்கு அது காணும். ஆனா பப்ஜி போன துக்கத்தையும் அந்த இனாம் விளையாட்டின்ட தலையில கொட்டினதுதான் கூடிப்போச்சு.

சரி, நீ எவ்வளவு குடுத்தா வாங்கின? என்ன முழிக்கிறாய்? கூட்டாளி பென்டிரைவில தந்தானா! அடேயப்பா. அப்ப இவ்வளவு நேரமும் ஓசித் தயிருக்கா புளிப்பில்ல எண்டு சண்டை புடிச்ச? அடுத்தத வெளிய வந்து ஒரு மாசம் கழிச்சு, நாலு பேரிட்டக் கேட்டு, காசு குடுத்து வாங்கு. அதுவும் உடைஞ்சிருந்தா என்னட்ட வா, ரெண்டு பேருமாச் சேந்து ஏசுவம்.