கோப்ளின் சட்டைக்கு என்ன கலர்?

ஆன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டுகளில் டிராகனைக் கொல்வதெல்லாம் ஒரு சாக்கு. உண்மையான வேலை சட்டைக்குக் கலர் பார்ப்பது. நம்பாதவர்கள் அப்படி ஒரு விளையாட்டுக்குள் நுழைந்து ஊர் நடுவில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உலகம் அழியப்போகிறது, உடனே வா என்று ராஜா ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார். வீரர்களோ வங்கி வாசலில் கும்பலாக நின்று, இந்த மெரூனுக்கு அந்தத் தங்க பார்டர் எடுக்கிறதா என்று ஒருவரை ஒருவர் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டவர்கள் ரூன்ஸ்கேப்காரர்கள். இங்கிலாந்தில் உருவாகி 2001இல் வந்த விளையாட்டு அது. அதில் ‘கோப்ளின் டிப்ளமஸி’ என்று ஒரு பணி உண்டு. கோப்ளின்கள் குள்ளமான, பச்சைத்தோல் பூதங்கள். அவர்கள் கிராமத்தில் வார்ட்ஃபேஸ், பென்ட்நோஸ் என்று இரண்டு தளபதிகள். இருவருக்கும் ஜென்மப் பகை. எல்லைத் தகராறா, பதவிச் சண்டையா என்று கேட்டால் ஒன்றுமில்லை: படையின் கவசம் பச்சையாக இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர், சிவப்பாக இருக்க வேண்டும் என்கிறார் மற்றவர். நடுவில் மாட்டிக்கொண்ட நாம் சமாதானத் தூதர். வேறு ஏதாவது கலரில் செய்து கொண்டுவந்து காட்டு, பார்க்கலாம் என்கிறார்கள்.

முதலில் ஆரஞ்சு. அதற்குச் சிவப்பும் மஞ்சளும் கலக்க வேண்டும். சாயம் போட்டுத் தருவது ட்ரேநார் கிராமத்தில் இருக்கும் ஆக்கி என்ற சூனியக்காரி. சிவப்புக்கு மூன்று செம்பழம், மஞ்சளுக்கு இரண்டு வெங்காயம், நீலத்துக்கு இரண்டு வோட் இலை. எந்தக் கலரானாலும் கூலி 5 காசு. பழத்தைப் புதரில் பறித்துக்கொள்ளலாம், வெங்காயத்தை யாருடைய தோட்டத்திலாவது கேட்காமல் பிடுங்கிக்கொள்ளலாம். வோட் இலைக்கு மட்டும் ஃபலடோர் பூங்காவின் தோட்டக்காரர் வைசனிடம் போயாக வேண்டும். இந்த வைசனிடம் எனக்குத் தீராத மரியாதை. 5 காசு, 10 காசு என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 15 என்றால் ஒரு இலை. வாயைத் திறந்து 20 என்று சொல்லிவிட்டால், இவ்வளவு தாராள மனசா என்று உருகி இரண்டு இலை கொடுத்துவிடுவார். காய்கறிக் கடையில் பேரம் பேசியே வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு லேசில் பிடிபடாது.

இப்படி மூன்று சாயத்துக்குமாக 35 காசு செலவழித்து, ஊர் ஊராக நடந்து, ஆரஞ்சுக் கவசத்தைக் கொண்டுபோய் நீட்டினால், பிடிக்கவில்லை. நீலம்? அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில், சாயமே போடாத பழுப்புக் கவசத்தைக் காட்டுகிறோம். அவர்கள் இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருந்த அதே பழுப்பு. ஆகா, இதுவல்லவா கலர் என்று இருவரும் ஒரே குரலில் சம்மதிக்கிறார்கள். நமக்கு ஒரு தங்கக்கட்டி பரிசு. முகூர்த்தப் புடவை எடுக்கும் கூட்டத்தோடு ஒருமுறையாவது போயிருப்பவர் யாரோதான் இந்தக் கதையை எழுதியிருக்க வேண்டும்.

வோட் கற்பனைச் செடி இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் துணிக்கு நீலம் ஏற்றியது அதுதான். நம் அவுரியில் இருக்கும் அதே நீலம் அதன் இலையிலும் இருக்கிறது, அளவுதான் குறைவு. இந்தியாவிலிருந்து அவுரி நீலம் கப்பலில் போய் இறங்கியதும் வோட் பயிரிட்டவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அந்தக் காலத்தில் வோட் தொட்டிக்குப் பழைய சிறுநீரையும் சேர்ப்பார்கள். நல்லவேளை, ஆக்கி அதை நம்மிடம் கேட்பதில்லை.

ரூன்ஸ்கேப்புக்கு முன்பே, 1997இல், அல்டிமா ஆன்லைனில் சாயத்தொட்டி இருந்தது. தொட்டியில் கலரை ஏற்றிக்கொண்டு துணியைத் தொட்டால் போதும். ஊறப்போடுவது, பிழிவது, கொடியில் காயப்போடுவது ஒன்றும் கிடையாது. ஆனால் சாதாரணத் தொட்டி துணிக்கு மட்டும்தான். இரும்புக் கவசம் நீலமாக வேண்டுமென்றால் வேலரைட் என்ற தாதுவை மலையில் வெட்டியெடுத்து, அதிலேயே கவசம் அடித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வந்தவர்கள் கருப்பை வைத்துக் காசு பார்த்தார்கள். 2005இல் வந்த கில்ட் வார்ஸில் சாயக்குப்பியைப் பூதங்கள்தான் சாகும்போது போட்டுவிட்டுப் போகும். சிவப்பும் பச்சையும் சல்லிசு. கருப்பும் வெள்ளையும் மட்டும் அரிதாகவே விழும், விலையோ யானை விலை. ஃபைனல் ஃபேன்டஸி 14இல் இன்னும் வேடிக்கை. அங்கே சாயம் போடும் உரிமையே 15ஆம் லெவலில், ஒரு பெண்மணிக்கு ஆரஞ்சு ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கிடைக்கும். கிடைத்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் கருப்பில் இரண்டு சாதி. ‘சூட் பிளாக்’, அதாவது புகைக்கரி. கடையில் சல்லிக்காசுக்குக் கிடைக்கும். ‘ஜெட் பிளாக்’ வாங்க, சந்தையில் கில் என்ற அந்த ஊர்ப் பணத்தை லட்சக்கணக்கில் கொட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். தனித்தனியாக நடந்துபோனால் பெற்ற தாய்க்கும் தெரியாது.

பெங்களூரில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். “சித்தப்பா, அது வேற கருப்பு, இது வேற கருப்பு” என்றான். அவனோடுதான் நான் கில்ட் வார்ஸ் 2 விளையாடுகிறேன். அங்கே ஒரு சாயத்தை ஒருமுறை திறந்துவிட்டால் ஆயுசுக்கும் நமது. 2012இல் விளையாட்டு வந்த புதிதில் ஒரு கதாபாத்திரம் வாங்கிய கலரை இன்னொன்று தொட முடியாது, அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகாது என்ற கதைதான். 2014இல் அதை மாற்றி நம் கதாபாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கினார்கள். ஒரு கவசத்துண்டில் நான்கு இடம் வரை தனித்தனிக் கலர் கொடுக்கலாம். தலையில் தொடங்கிக் கால்வரை ஆறு துண்டு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாயப் பலகையைத் திறந்தால் குட்டிக் குட்டிக் கட்டங்களாகக் கலர்கள். ஒன்றைத் தொட்டதும் நம் ஆள் உடுப்பு மாறி நிற்பான். அரக்கு அழகாக இருக்கிறது என்று நான் முடிவு செய்யப்போகும் நேரத்தில் ஹெட்போனில் குரல் வரும்: “சித்தப்பா, குகைக்குள்ள நின்னு பார்க்காதீங்க, வெயில்ல வந்து நில்லுங்க.” அவன் சொல்வது சரிதான். விளக்கு வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது வெளியே வந்தால் ரோஜா நிறம்.

“கம்ப்யூட்டர்ல கூடவா கலர் ஏமாத்தும்?” என்று என் மனைவி கேட்டாள். ஏமாற்றும். பெரும்பாலும் கவசத்தை வரைகிறவர்கள் அதை நிழலும் வெளிச்சமுமாகச் சாம்பல் நிறத்தில் வரைந்துவைப்பார்கள். எந்தெந்த இடத்தில் சாயம் ஏறலாம் என்பதற்கு மாஸ்க் என்று தனியாக ஒரு படம். நாம் தேர்ந்தெடுக்கும் கலரைக் கணினி அந்தச் சாம்பலோடு பெருக்குகிறது. அடியில் இருட்டான சாம்பல் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வெள்ளையும் அழுக்கு வெள்ளைதான். உலோகமாக இருந்தால் கருப்பின்மேல் வெளிச்சம் பட்டு மினுங்கி, கருப்பு சாம்பலாகும். ஒரே சாயம் துணியில் ஒரு மாதிரி, தோலில் ஒரு மாதிரி, இரும்பில் ஒரு மாதிரி தெரிவது இதனால்தான். மாஸ்க்குக்கு வெளியே இருக்கும் தங்க ஓரம் என்ன செய்தாலும் தங்க ஓரம்தான். பிரம்மாவே வந்தாலும் அதைப் பச்சையாக்க முடியாது.

இத்தனை வம்பும் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்காரர்கள். 2004இல் வந்த அந்த விளையாட்டில் கவசத்துக்குச் சாயமே கிடையாது. பலமான துண்டு எந்தக் கலரில் கிடைத்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊதாத் தோள்பட்டை, பச்சைக் கால்சட்டை, ஆரஞ்சுத் தொப்பி என்று பெரும் பெரும் வீரர்கள் சர்க்கஸ் கோமாளிபோல் திரிந்தார்கள். 2011இல்தான் ஒரு கவசத்துக்கு இன்னொரு கவசத்தின் தோற்றத்தைக் கொடுக்கும் வசதி வந்தது. என் மனைவியின் கட்சி இதுதான்: கலர் கொடுத்தால்தானே கலர் பார்ப்பீர்கள்?

எனக்கு அதில் சம்மதமில்லை. கலர் பார்க்கவே முடியாத உலகத்தை எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? ஆகவே தாராளமாகச் சாயம் போடுங்கள். ஆனால் ஜெட் பிளாக்குக்குப் பணம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் அந்தச் சட்டையில் சாயம் எங்கே ஏறுகிறது என்று முன்னோட்டத்தில் போட்டுப் பாருங்கள், அதற்குக் காசில்லை. லட்சம் கொட்டினாலும் காலர் ஓரம் மட்டும் கருப்பாகிற சட்டைகள் நிறைய இருக்கின்றன.