புள்ளி போன ஊர்

ஹைடல்பர்க்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்க அனுப்பின தினசரிக் காலண்டர் மடங்காம வந்து சேர்ந்துச்சு. அதைப் பத்திப் பிறகு எழுதுறேன். அதனால ஆபீஸ்ல ஒரு சிக்கல்.

போன வாரம் போன்ல, "நீ பார்க்கிற சோலிதான் என்னடா? சாயங்காலம் ஆனா கையில காட்டப் பத்து ஷீட்டாவது உண்டா?"ன்னு கேட்டீங்க. வெப் டெவலப்பர்னு சொன்னேன். "அது விசிட்டிங் கார்டுல போடுறது, சோலியைச் சொல்லு"ன்னீங்க. அதோட லைன் போயிடுச்சு. போகல, நான்தான் கட் பண்ணினேன். இப்ப எழுத்துலயே பதில் சொல்லிடுறேன்.

முதல்ல ஊர். முப்பது வருஷமா நீங்க எந்த அச்சு மெஷின் முன்னாடி நிக்கிறீங்களோ, அதோட பேர்தான் நான் குடியிருக்கிற ஊருக்கும். ரயிலடிக்கு வெளிய அச்சுத்தொழிலுக்குன்னே ஒரு குதிரைச் சிலை வச்சிருக்காங்க, 13 மீட்டர் உயரம். ஃபேக்டரி மட்டும் தெற்கே விஸ்லோக்ல, 1957லேர்ந்து. அதுக்குப் பக்கத்து ஊர் வால்டார்ஃப், எஸ்ஏபிங்கிற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியோட தலைமையகம். ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ஸ்டேஷன், போர்டுல 'விஸ்லோக்-வால்டார்ஃப்'னு இருக்கும். உங்க சோலியும் என் சோலியும் ஒரே போர்டுல. ஆனா நான் இருக்கிறது அந்தப் பெரிய கம்பெனியில இல்ல, பன்னெண்டு பேர் இருக்கிற சின்ன ஆபீஸ். இதை மாமாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்.

இன்னொண்ணு. இங்க எந்த ஃபாரத்துலயும் குடும்பப் பேர்னு ஒரு கட்டம் வரும். இனிஷியல் போட்டா ஏத்துக்காது. உங்க பேரை முழுசா எழுதிட்டேன். அதனால ஆபீஸ்ல 'ஹெர்' சேர்த்து உங்க பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்க. தப்புப் பண்றது நான், பாட்டு வாங்குறது உங்க பேர்.

சோலிக்கு வர்றேன். எங்க பட்டறையில முதல் சாமான் 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிறவர் 2005ல செஞ்சது. கல்யாணப் பத்திரிகைக்கு ஏழெட்டு புரூஃப் எடுக்குறோம்ல, அத்தனையையும் தூக்கிப் போடாம, எந்த வரியை யார் என்னிக்கு மாத்தினதுன்னு பேரோட அடுக்கி வச்சுக்கும். தாய்மாமன் பேர் விட்டுப்போனது யாரால்னு ஒரு நொடியில காட்டிக்குடுத்துடும். அந்தக் கட்டளைக்குப் பேரே 'பிளேம்', அதாவது பழி. நம்ம பக்கம் இது அப்பவே இருந்திருந்தா பாதியில நின்ன பங்காளிச் சண்டை எல்லாம் முழுசா நடந்து முடிஞ்சிருக்கும். தப்பு நடந்தா ஒரே கட்டளையில பழைய நிலைமைக்குத் திரும்பிடலாம், பத்தாயிரம் ஷீட் ஓடினப்புறம் தலையில கை வச்சு உட்கார வேண்டாம். "அதான் ஒருத்தனும் ஒழுங்கா புரூஃப் பார்க்கிறதில்ல"ம்பீங்க. வாஸ்தவம்தான்.

அடுத்ததை அம்மாகிட்டச் சொல்லுங்க, சட்டுனு விளங்கும். எல்லாத்தையும் நாங்களே எழுதுறதில்ல. யார் யாரோ எழுதிச் சும்மா குடுத்த துண்டுகளைக் கோர்க்கிறோம், அம்மா பயர் ஆபீஸ்ல பட்டாசுச் சரம் பின்னின மாதிரி. 2016 மார்ச்சுல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுத் தன் துண்டுகளை உருவிட்டுப் போயிட்டார். அதுல ஒண்ணு 'லெஃப்ட்-பேட்', மொத்தமே 11 வரி. பில் புக்குல நம்பரிங் மெஷின் 007னு முன்னாடி சைபர் போட்டு அகலத்தைச் சரிக்கட்டுதே, அந்த வேலைதான். அது இல்லாம உலகம் பூரா ஆயிரக்கணக்கான ப்ராஜெக்ட் படுத்துடுச்சு. ரெண்டு ரெண்டரை மணி நேரம் கழிச்சுத் திருப்பி வச்சாங்க. நடுத்திரி இத்துப்போனா பாக்கிச் சரம் புஸ்ஸுன்னு நின்னுடும்ல, அதேதான்.

இப்ப என் மானம் போன கதை. பார்சல்ல ஒட்டுற லேபிளுக்கு ஒரு ஃபாரம் செஞ்சோம். ஊர்ப் பேருக்குப் பத்து எழுத்து போதும்னு யாரோ அளவு வச்சுட்டாங்க. ஹைடல்பர்க் ஜெர்மன் எழுத்துல கணக்காப் பத்து, அதோட திருப்தி. சோதனைக்கு நான் எப்பவும் நம்ம ஊர்ப் பேரைத்தான் போடுவேன். விஸ்வநத்தம், ஏழே எழுத்து. ஆனா கம்ப்யூட்டர் கணக்குல 'வி'ன்னா வ ஒண்ணு, மேல இருக்கிற கொக்கி ஒண்ணு. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி. ஆக மொத்தம் 11. பதினொண்ணாவதை வெட்டிடுச்சு. மூணு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பெருமையா உங்களுக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிஷம் நீங்க கேட்டீங்க: "கடைசி ம-வுக்குப் புள்ளி எங்கடா?"

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தா எண்ணவும் ஒரு சாமான் இருக்கு, 'இன்டில் செக்மென்டர்'னு. ஃபயர்ஃபாக்ஸ்ல அது 2024லதான் வந்துச்சு. ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் சொல்லிக்குடுத்தது அதுக்குப் புரிய அவ்வளவு காலம். நாங்க எழுதுற ஜாவாஸ்கிரிப்ட் மொழியையே 1995ல பத்து நாள்ல செஞ்சாங்களாம். ஆடிப்பெருக்குக்குள்ள காலண்டர் ஆல்பம் வெளிய வரணும்னு ராத்திரி பகலா ஓட்டுவீங்களே, அந்த அவசரம்.

அளவைச் சரி பண்ணி ஏத்திட்டேன். திருத்தினவர் யார்னு கேட்டா, கிட்ல குடும்பப் பேரும் சேர்ந்து வர்றதால, உங்க பேரும் நிக்குது.

இனிக் காலண்டர். சுவத்துல மாட்டின நாள்லேர்ந்து காலையில ஷீட் கிழிக்க ரெண்டு பேருக்குள்ள போட்டி. ஒரு ஜெர்மன்காரர் ஒவ்வொரு கட்டமா அர்த்தம் கேட்டார். ராகு காலத்துல புதுசா எதையும் தொடங்க மாட்டாங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு. எங்க ரிலீஸ் வெள்ளி பதினொரு மணிக்கு. போன மாசம் ரெண்டு தடவை சைட் படுத்ததும் அந்த நேரத்துலதான். அவர் கூட்டத்துல எழுந்து கேட்டார்: "இந்த ராகு காலம் எந்த டைம்சோன்?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. பகலை எட்டாப் பிரிச்சா வெள்ளிக்கு நாலாவது பங்குன்னு தாத்தா சொன்ன ஞாபகம். அதைச் சொன்னேன். இங்க இப்பச் சூரியன் உதிக்கவே எட்டே காலாகுது, அஞ்சுக்கெல்லாம் இருட்டிடுது. அவர் கணக்குப் போட்டு, இங்க ராகு காலம் பதினொன்றரைக்குப் பக்கத்துல தொடங்கி ஒரு மணி நேரம்தான்னு சொல்றார். இன்னொருத்தர், அச்சுல இருக்கிறதுதான் செல்லும்னு நிக்கிறார்.

நம்ம ஜோசியர்கிட்டக் கேட்டு உடனே எழுதுங்க. உங்க பதில் வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை ரிலீஸை நிறுத்தி வச்சிருக்கோம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்