எலி கொடுத்த நிழல்

கேள்வி: பெங்களூரு மல்லேஸ்வரம் மட்டும் எப்படி இத்தனை பசுமையாக அமைந்தது?

பதில்: எலியைக் கேளுங்கள்! 1898இல் எலிகளால் பிளேக் பரவி, பழைய பேட்டையின் நெருக்கமான சந்துகளில் சாவு மலிந்தது. காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள் வேண்டுமென்று மைசூர் சமஸ்தானம் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் அளந்து வகுத்தது. நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்கு இடம், செண்பகத்துக்கும் வேம்புக்கும் ஆளுக்கொரு சாலை. கொல்லைப்புறத்தில் ஒரு குறுகிய சந்தும் விட்டார்கள். கழிவை அள்ளுகிறவர்கள் அதன் வழியாகத்தான் வந்துபோனார்கள். மரநிழலைப் புகழும் நாம் அவர்களையும் நினைக்க வேண்டும்.

இன்று தோட்டங்களை அடுக்குமாடிகள் தின்கின்றன. நோய்க்குப் பயந்து விட்ட இடத்தை விலைக்கு மயங்கி அடைக்கிறோம், வயிறு எரிகிறது.

மல்லேஸ்வரம் புதிது, அங்குள்ள சாமி பழையவர். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு 1669இல் ஒரு கிராமத்தையே மானியமாக விட்டவர் ஏகோஜி. ஆமாம், பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கிய அதே ஏகோஜிதான், சிவாஜியின் மாற்றாந்தாய் மகன். தஞ்சாவூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போனால் உரிமையோடு உள்ளே நுழையலாம்.