பாலசக்கரவர்த்தியின் நித்திரை

புதுவை ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையின் பேருந்து இரைச்சல் தணிந்து, பாட்டியின் தொலைக்காட்சித் தொடர் முடிந்து, தகப்பனார் குறட்டை விடத் தொடங்கிய பின்னரும், நாலு வயதுச் சக்கரவர்த்தி மட்டும் தண்ணீர் வேண்டும், கதை வேண்டும், மறுபடியும் தண்ணீர் வேண்டும் என்று பத்து மணிக்கு தர்பார் நடத்துகிறார். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் அகன்றது. இந்த ஆட்சி அகலுவதாயில்லை.

தாமதமாய்ப் படுத்தால் தாமதமாய் எழுவான் என்பது பெற்றோரின் தர்க்கசாஸ்திரம்; ஐந்து மணிக்கே எழுந்து, தகப்பனாரின் கண்ணிமையை விரலால் விலக்கி, "அப்பா, விடிஞ்சிடுச்சா?" என்று விசாரிப்பது சக்கரவர்த்தியின் சித்தாந்தம். மூன்று, நான்கு வயதினருக்குப் பகலுறக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விதித்தது. குறைந்த பாக்கியை மத்தியானம் படுத்து மாலை ஐந்து வரை வசூலித்துவிடுகிறாராதலால், இரவு தர்பாருக்கு உற்சாகக் குறைவில்லை.

1908 முதல் 1918 வரை புதுவையில் வசித்த பாரதியார், பாப்பாவுக்குக் காலையில் படிப்பும் மாலையில் விளையாட்டும் வகுத்தாரேயன்றி, இரவைப் பற்றி மௌனம் சாதித்துவிட்டார். இரண்டு பெண்களைப் பெற்றவரல்லவா!

பகல் தூக்கத்தை மூன்று மணியோடு நிறுத்தி, எட்டு மணிக்கு விளக்கையும் பாட்டியின் தொலைக்காட்சியையும் அணையுங்கள். பின்னது அசாத்தியமென்றால், ஐந்து மணிக்கு எழப் பழகிக்கொள்ளுங்கள்.